ஞாயிற்றுக்கிழமை பனிப்புயல்: 5 சென்டிமீட்டரா, 40 சென்டிமீட்டரா? எதை நம்பி முடிவெடுப்பது?

கேள்வி

நம் தெருவில் இருப்பவர்கள் அனைவருக்கும் வணக்கம். சனிக்கிழமை இரவு தொடங்கி ஞாயிறு மாலை வரை நீடிக்கும் என்று சொல்லப்படும் பனிப்புயலைப் பற்றி உங்கள் கருத்தைக் கேட்க விரும்புகிறேன். நேற்றுக் காலை என் கைபேசிச் செயலி பத்து சென்டிமீட்டர் பனி பெய்யும் என்றது. இரவில் அதுவே முப்பதாக ஏறியது. இன்று, வியாழன் காலை எழுந்து பார்த்தால் எட்டாக இறங்கியிருக்கிறது. அரசு வானிலை மையத்தின் அறிக்கையோ 5 முதல் 40 சென்டிமீட்டர் வரை பெய்யலாம் என்று சொல்லிவிட்டு, புயலின் பாதை இன்னும் உறுதியாகவில்லை என்ற ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது. 5 என்றால் வழக்கமான ஞாயிற்றுக்கிழமை. 40 என்றால் தெருவே முடங்கிவிடும். இரண்டையும் ஒரே அறிக்கையில் சொன்னால் அதை வைத்து என்ன செய்வது என்று எனக்குப் புரியவில்லை.

என் அம்மாவுக்கு நுரையீரல் பாதிப்பு இருப்பது உங்களில் சிலருக்குத் தெரியும். மின்சாரத்தில் ஓடும் ஆக்சிஜன் கருவி இரவும் பகலும் அவருக்குத் தேவைப்படுகிறது. சென்ற குளிர்காலத்தில் நள்ளிரவில் மின்சாரம் போனபோது, கருவியின் எச்சரிக்கை ஒலி கேட்டு எழுந்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு மாற்று சிலிண்டரின் வால்வைத் திறந்தேன். அன்று ஒரு மணி நேரத்தில் மின்சாரம் வந்துவிட்டது. இந்த முறை வராவிட்டால் என்ன செய்வது என்பதுதான் என் கவலை.

தம்பியின் வீடு இரண்டு மணி நேரப் பயணத் தொலைவில் இருக்கிறது. அவனுடைய அடுக்குமாடிக் கட்டடத்தில் பொது ஜெனரேட்டர் உண்டு. நாளை மதியம் அம்மாவை அங்கே அழைத்துப் போகலாம். அல்லது சனிக்கிழமை காலை வரை பொறுத்திருந்து, கணிப்பு தெளிவான பிறகு புறப்படலாம். அம்மாவுக்குப் பயணம் ஒத்துக்கொள்வதில்லை, இடம் மாறினால் தூக்கமும் வருவதில்லை. ஆகவே வீணாக அலைக்கழிக்கவும் மனமில்லை. இந்தக் கணிப்புகளை எப்படிப் படிப்பது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

முதல் பதில்

வணக்கம். முதலில் அந்தச் செயலியைப் பார்ப்பதை நிறுத்திவிடுங்கள். அது காட்டும் ஒற்றை எண் பெரும்பாலும் வானிலையைக் கணக்கிடும் ஒரே ஒரு கணினி மாதிரியிலிருந்து, எந்த மனிதரின் பார்வைக்கும் போகாமல், நேராக உங்கள் கைபேசிக்கு வருவது. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாதிரி புதிதாக ஓடும்போதெல்லாம் எண்ணும் மாறும். வானிலை மையம் 5 முதல் 40 வரை என்று சொல்வது உங்களுக்கு எரிச்சலூட்டினாலும், இன்றைய நிலையில் நேர்மையான விடை அதுதான்.

இந்த நிச்சயமின்மை எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். நம்மை நோக்கி வரும் காற்றுச் சுழல் இப்போது பெருங்கடலுக்கு மேலே இருக்கிறது. நிலத்தின் மீது நாளுக்கு இருமுறை பலூன்களில் கருவிகளை ஏற்றி மேலே அனுப்பி வெப்பம், ஈரம், காற்று ஆகியவற்றை அளக்கிறார்கள். கடலின் மீது அந்த வசதி மிகக் குறைவு. செயற்கைக்கோள்கள் நிறைய உதவினாலும், மேகங்களுக்கு உள்ளே இருக்கும் ஈரத்தையும் காற்றையும் பலூன் அளவுக்குத் துல்லியமாக அவை தருவதில்லை. முக்கியமான புயல்களுக்கு முன்னால் விமானத்தில் பறந்து சென்று கருவிகளைக் கடலின் மேல் போட்டு அளப்பதும் இதனால்தான். தொடக்கத்தில் இருக்கும் சிறிய பிழை நாள்கள் செல்லச் செல்லப் பெரிதாகும் என்பதை வானிலை அறிஞர் எட்வர்ட் லோரன்ஸ் 1963-ஆம் ஆண்டுக் கட்டுரையில் காட்டினார். வானிலை மையங்கள் ஒரே மாதிரியைச் சிறு சிறு மாற்றங்களோடு பலமுறை ஓட்டிப் பார்ப்பது அந்தப் பிழை எவ்வளவு தூரம் போகும் என்று அறிவதற்காகத்தான். ஐரோப்பிய வானிலை மையம் இப்படி ஐம்பதுக்கும் மேற்பட்ட ஓட்டங்களைத் தொகுப்பாக வெளியிடுகிறது.

இன்று காலைத் தொகுப்பை நான் விரித்துப் பார்த்தேன். பாதி ஓட்டங்கள் பத்து சென்டிமீட்டருக்குக் கீழே நிற்கின்றன. மீதியில் பெரும்பாலானவை இருபத்தைந்துக்கு மேலே போகின்றன. நடுவில் ஏறத்தாழ எதுவுமே இல்லை. இவற்றின் சராசரி பதினெட்டு என்று வரும். ஆனால் அந்தப் பதினெட்டுதான் நடப்பதற்கு மிகக் குறைந்த வாய்ப்புள்ள எண். ஆகவே யாராவது உங்களிடம் சராசரியைச் சொன்னால் அதை வைத்து எந்த ஏற்பாட்டையும் செய்யாதீர்கள்.

பாதை சற்றே விலகினால் என்ன ஆகும் என்பதற்கு 2015 ஜனவரிப் புயல் நல்ல சான்று. நியூயார்க் நகரத்துக்கு 50 முதல் 75 சென்டிமீட்டர் பனி என்று கணித்திருந்தார்கள். சாலைப் போக்குவரத்துக்குத் தடை விதித்து, பனிக்காகச் சுரங்க ரயிலையும் நிறுத்தினார்கள். சென்ட்ரல் பூங்காவில் பெய்தது 25 சென்டிமீட்டர் மட்டுமே. அதே புயல், நகரத்திலிருந்து கிழக்கே நீளும் லாங் ஐலண்ட் தீவின் கிழக்குப் பகுதியில் 60 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியது. புயலின் வலிமையைச் சரியாகவே கணித்திருந்தார்கள். கனமான பனிப்பட்டையின் மேற்கு விளிம்பு எங்கே முடியும் என்பதில்தான் கணக்குத் தப்பியது. அந்த விளிம்புக்கு உள்ளே இருப்பவர்களுக்கும் வெளியே இருப்பவர்களுக்கும் இடையிலான தூரம், நீங்கள் உங்கள் தம்பி வீட்டுக்குப் போகும் தூரத்தைவிடக் குறைவு.

நாளை இரவு இந்தச் சுழல் நிலத்துக்குள் நுழைந்துவிடும். அதன் பிறகு பலூன் அளவீடுகள் கிடைக்கும் என்பதால் சனிக்கிழமை காலை ஓட்டங்கள் ஓரளவு ஒன்றுசேரும் என்று எதிர்பார்க்கிறேன். அதுவரை பொறுத்திருக்க முடிந்தால் பொறுத்திருக்கலாம் என்பதே என் கருத்து.

இரண்டாம் பதில்

நான் இந்தத் தெருவுக்கு வந்து நெடுங்காலம் ஆகிறது. தம்பி, உங்கள் பதற்றம் எனக்குப் புரிகிறது. இருந்தாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு குளிர்காலத்திலும் இப்படிப் பெரிய எண்களைச் சொல்வார்கள், கடைகளில் கூட்டம் முண்டியடிக்கும், கடைசியில் வாசற்படி நனையும் அளவுக்குப் பெய்துவிட்டுப் போய்விடும். அம்மாவைக் குளிரில் காரில் ஏற்றி இறக்குவதிலும் ஆபத்து இருக்கிறது. வயதானவர்களுக்கு அவரவர் கட்டிலும் அவரவர் அறையும் பெரிய பலம்.

நேற்றிரவு நிலவைச் சுற்றி அகன்ற வளையம் ஒன்று தெரிந்ததைக் கவனித்தீர்களா? என் தகப்பனார் அதைப் பார்த்தால் மழையோ பனியோ நெருங்குகிறது என்பார், பெரும்பாலும் அது பலித்தும் இருக்கிறது. ஆகவே ஏதோ ஒன்று வருகிறது என்பதை நானும் மறுக்கவில்லை. எட்டுப் பத்து சென்டிமீட்டர் பனிக்கு யாரும் வீட்டை விட்டுப் போக வேண்டியதில்லை என்றுதான் சொல்கிறேன். சனிக்கிழமை காலை வரை பாருங்கள். அப்போதும் எட்டுப் பத்து என்றே சொன்னால் நிம்மதியாக வீட்டிலேயே இருங்கள். என்னிடம் இரண்டு பனிவாரிகள் இருக்கின்றன. உங்கள் நடைபாதையையும் சேர்த்து நானும் என் பேரனும் சுத்தம் செய்து தருகிறோம்.

மூன்றாம் பதில்

பெரியவர் சொன்ன நிலவு வளையம் உண்மையான அறிகுறிதான். உயரத்தில் பரவும் மெல்லிய மேகத்தின் பனித்துகள்கள் ஒளியை வளைப்பதால் அது தோன்றுகிறது. வெப்பக்காற்று முன்னேறி வரும்போது முதலில் வந்து சேர்வது அந்த மேகம்தான். ஆனால் எட்டுப் பத்து சென்டிமீட்டர் என்றால் நிம்மதி என்று அவர் சொல்வதை, உங்கள் அம்மாவின் நிலையை எண்ணிப் பார்க்கும்போது, என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. முதலில் பதில் எழுதியவரும் பனியின் உயரத்தையே பேசியிருக்கிறார். உங்கள் வீட்டில் மின்சாரம் நிற்குமா போகுமா என்பதைப் பனியின் உயரம் தீர்மானிப்பதில்லை. அந்தப் பனி எவ்வளவு ஈரமானது, இடையில் உறைமழை, அதாவது பட்டவுடன் உறையும் மழை, பெய்கிறதா, காற்று எவ்வளவு வேகமாக அடிக்கிறது என்பவைதான் தீர்மானிக்கின்றன.

பத்து சென்டிமீட்டருக்குக் கீழே நிற்கும் ஓட்டங்களை இன்னும் சற்று உற்றுப் பாருங்கள். அவை அனைத்தும் ஒரே காரணத்தால் குறைவாக நிற்கவில்லை. சிலவற்றில் புயலின் தாழ்வழுத்த மையம் நமக்கு வெகு தெற்கே போய்விடுகிறது. நமக்கு வறண்ட குளிரும் பொடிப்பனியும் மட்டுமே கிடைக்கும், அதில் கவலைப்பட ஒன்றுமில்லை. மற்றவற்றில் மையம் நமக்கு மிக அருகில், ஏறக்குறைய தலைக்கு மேலேயே வருகிறது. அப்போது ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் உயரத்தில் வெப்பக்காற்று புகுந்து, விழும் பனியை வழியிலேயே உருக்கிவிடுகிறது. தரையை ஒட்டிய காற்று மட்டும் உறைநிலைக்குக் கீழே தங்கிவிடும். அந்தக் குளிர்ந்த அடுக்கு தடிமனாக இருந்தால் துளிகள் மீண்டும் உறைந்து குருணையாக விழும். மெல்லியதாக இருந்தால் நீராகவே வந்து, கிளையிலும் கம்பியிலும் காரின் கண்ணாடியிலும் பட்டவுடன் உறையும். பனியளவு குறைந்துபோவது அந்த நீர் பனியாக விழாததால்தானே ஒழிய, புயல் வலுவிழந்ததால் அல்ல. செயலி காட்டும் எட்டு சென்டிமீட்டருக்குள் இந்த இரண்டு நிலைமைகளும் ஒளிந்திருக்கின்றன. ஒன்று யாரையும் தொந்தரவு செய்யாது. மற்றொன்று நாற்பது சென்டிமீட்டரைவிட மோசமானது.

1998 ஜனவரியில் கனடாவின் கியூபெக்கிலும் கிழக்கு ஒண்டாரியோவிலும் உறைமழை நாள்கணக்கில் பெய்தபோது, கியூபெக்கில் மட்டும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் மின்சாரம் இழந்தன. உயரழுத்த மின்கோபுரங்கள் நூற்றுக்கணக்கில் மடிந்து விழுந்தன. சில ஊர்களில் மின்சாரம் திரும்ப வாரங்கள் ஆயின. நமக்கு அந்த அளவு வரும் என்று நான் சொல்லவில்லை. எந்தக் கணிப்பும் அப்படிக் காட்டவில்லை. சில மணி நேர உறைமழையும் அதன் பின்னால் பலத்த காற்றும் இருந்தாலே நம் தெருவுக்குப் போதும். உங்கள் வீட்டுக்கு வரும் மின்கம்பி எதிர்ப்பக்கத்து மேப்பிள் மரத்தின் ஊடாகத்தான் வருகிறது. போன இலையுதிர்காலத்தில் அதன் தாழ்ந்த கிளை ஒன்று கம்பியை உரசிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். அது இன்றும் அப்படியேதான் இருக்கிறது.

பனியின் எடையையும் கணக்கில் கொள்ள வேண்டும். பொதுவாகப் பத்து மில்லிமீட்டர் பனியை ஒரு மில்லிமீட்டர் நீராகக் கொள்வார்கள். உறைநிலையை ஒட்டி விழும் ஈரப்பனியில் ஐந்து மில்லிமீட்டரே ஒரு மில்லிமீட்டர் நீராக இருக்கும். கடுங்குளிரில் விழும் பொடிப்பனியில் இருபது மில்லிமீட்டருக்கு ஒன்று என்றுகூட இருக்கும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் நீர் ஒரு கிலோ எடை. அப்படிப் பார்த்தால் பதினைந்து சென்டிமீட்டர் ஈரப்பனி சதுர மீட்டருக்கு முப்பது கிலோ. நாற்பது சென்டிமீட்டர் பொடிப்பனி இருபது கிலோதான், அதுவும் கிளையில் ஒட்டாமல் காற்றில் உதிர்ந்துவிடும்.

ஆகவே எத்தனை சென்டிமீட்டர் என்ற கேள்வியைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு, மின்சாரம் போக எத்தனை வழிகள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். உறைமழை ஒரு வழி, கனமான ஈரப்பனி இன்னொன்று, பனியோடு சேர்ந்த புயற்காற்று மற்றொன்று. புயல் நமக்கு எட்டாமல் தெற்கே போவது மட்டுமே முழுமையாகத் தப்பும் வழி. தொகுப்பில் அதற்கு ஆதரவு சிறிதளவே இருக்கிறது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. குறைந்த எண் என்றால் குறைந்த ஆபத்து என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். அம்மாவிடம் இதை எடுத்துச் சொன்னபோது, சனிக்கிழமை காலை பார்த்துவிட்டுப் போகலாமே என்றுதான் கேட்டார். புயல் இரவில்தானே தொடங்குகிறது, காலை ஒன்பது மணிக்குப் புறப்பட்டால் பதினொன்றுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாமே என்பது அவருடைய கணக்கு. அதில் தவறு இருக்கிறதா? சிலிண்டர்களை நம்பி வீட்டிலேயே இருப்பது எந்த அளவுக்குச் சரி?

நான்காம் பதில்

வீட்டில் ஆக்சிஜன் வைத்திருக்கும் நோயாளிகளைக் கவனிக்கும் பணியில் இருப்பவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். வானிலையைப் பற்றி மற்றவர்கள் விளக்கிவிட்டார்கள். சிலிண்டர் கணக்கை நான் சொல்கிறேன். சிறு சக்கர வண்டியில் வைத்து இழுத்துச் செல்லக்கூடிய வழக்கமான சிலிண்டரில் முழுமையாக நிரப்பினால் சுமார் 680 லிட்டர் ஆக்சிஜன் இருக்கும். அம்மாவுக்கு நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் என்றால் அது ஐந்தரை மணி நேரத்துக்கு வரும். மூன்று லிட்டர் என்றால் நான்கு மணி நேரம்கூட முழுதாக வராது. ஒரு நாள் முழுவதும் மின்சாரம் இல்லாவிட்டால் எத்தனை சிலிண்டர் வேண்டும் என்று நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். அளவுமானியில் முள் எங்கே நிற்கிறது என்பதையும் இன்றே பாருங்கள்; பயன்படுத்தாமல் மூலையில் வைத்திருந்த சிலிண்டர் நிறைந்தே இருக்கும் என்று நம்பிவிடுவது பல வீடுகளில் நடக்கிறது. சிலிண்டர் தரும் நிறுவனத்தை இன்று மாலைக்குள் அழையுங்கள். நாளை பிற்பகலுக்கு மேல் எல்லோரும் ஒரே நேரத்தில் அழைப்பார்கள்.

வீட்டிலேயே இருப்பதாக முடிவு செய்தாலும் சரி, தெருவில் இரவல் ஜெனரேட்டர் கிடைத்தாலும் சரி, அதை வண்டிக்கூடத்துக்குள்ளோ ஜன்னலுக்கு அருகிலோ ஓட்டவே கூடாது. வீட்டிலிருந்து குறைந்தது ஆறு மீட்டர் தள்ளி, புகை வீட்டுப் பக்கம் வராதபடி வைக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. ஏற்கெனவே நுரையீரல் பாதிக்கப்பட்டவருக்கு அது தரும் அவகாசம் மிகக் குறைவு. மின்சாரம் போனவுடன் மெழுகுவர்த்தி ஏற்றும் பழக்கமும் ஆக்சிஜன் ஓடும் அறையில் வேண்டாம். பேட்டரி விளக்குகளை இன்றே எடுத்து மேசை மேல் வையுங்கள்.

சனிக்கிழமை காலை புறப்படும் யோசனையைப் பற்றி அம்மா கேட்டது நியாயமான கேள்வி. அதில் எனக்கு இருக்கும் தயக்கம் இதுதான்: புயல் எப்போது தொடங்கும் என்பதும் ஒரு கணிப்புதானே. வழியில் ஒரு மேம்பாலம் இருக்கிறது, ஒரு நீண்ட சரிவும் இருக்கிறது. அது பல மணி நேரம் முந்திவிட்டால், கைவசம் ஒரு சிலிண்டரோடு, வழுக்கும் சாலையில், நகராத வாகன வரிசையில் அம்மாவோடு உட்கார்ந்திருக்க நேரும். நாளை மதியம் புறப்பட்டுப் புயல் வராமல் போனால் அம்மாவுக்கு இரண்டு இரவு தூக்கம் கெடும். அந்த இழப்பை ஞாயிறு மாலையே சரிசெய்துவிடலாம், மற்றதை அப்படிச் சரிசெய்ய முடியாது.

முதலில் பதிலளித்தவர்

சனிக்கிழமை காலை வரை பொறுக்கலாம் என்று நேற்று எழுதியிருந்தேன். மூன்றாம், நான்காம் பதில்களைப் படித்த பிறகு, பனியளவு தெரிவதற்காகக் காத்திருப்பதில் உங்களுக்குப் பயன் குறைவு என்று நானும் கருதுகிறேன். காத்திருந்தால் எண் தெளிவாகும் என்பது உண்மைதான். ஆனால் எந்த எண் வந்தாலும் உங்கள் முடிவு மாறப்போவதில்லை என்றால் காத்திருப்பதற்குக் காரணம் இல்லை.

இன்று, வெள்ளிக்கிழமை காலை வந்த ஓட்டங்களையும் பார்த்தேன். தாழ்வழுத்த மையம் நேற்றைவிடச் சற்று வடக்கே, அதாவது நமக்கு நெருக்கமாக வந்திருக்கிறது. கனமான பனியைக் காட்டும் ஓட்டங்கள் குறைந்திருக்கின்றன. உறைமழையைக் காட்டுபவை கூடியிருக்கின்றன. கைபேசிச் செயலிகள் இதை ஆறு, ஏழு சென்டிமீட்டர் என்று காட்டும். பலர் அதைப் பார்த்து ஆபத்து நீங்கிவிட்டதாக எண்ணுவார்கள். முதல் துளிகள் சனிக்கிழமை பிற்பகலிலேயே விழலாம் என்று சில ஓட்டங்கள் சொல்கின்றன. வெப்பக்காற்று மேலேறி வரும் இத்தகைய அமைப்புகளில் முன்வரிசை மழை சில மணி நேரம் முந்தி வருவது புதிதல்ல.

இவ்வளவுக்குப் பிறகும் இது மாறலாம். 2000 ஜனவரியில் அமெரிக்காவின் வட கரோலினாவில் உள்ள ராலே நகரத்தில், முந்தைய நாள் வரை சிறிதளவே எதிர்பார்க்கப்பட்ட இடத்தில், சுமார் 50 சென்டிமீட்டர் பனி கொட்டியது. கணிப்பு ஒரு பக்கம் மட்டுமே தவறும் என்று நினைக்க வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன். பெரியவரும் இதைப் பரிசீலிக்க வேண்டும் என்று மரியாதையோடு கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டாவதாகப் பதிலளித்தவர்

நீங்கள் சொல்வதைப் படித்தேன். பனி குறைவு என்பதால் அமைதியாக இருக்கலாம் என்றே இவ்வளவு காலமும் நினைத்து வந்திருக்கிறேன். பனி குறைவதே உறைமழையால் என்றால் நிலைமை வேறுதான். அந்த மேப்பிள் கிளையைப் பற்றி மின்வாரியத்துக்கு இன்று காலை தொலைபேசியில் சொல்லிவிட்டேன். புயலுக்கு முன் ஆள் அனுப்ப முடியுமா என்று தெரியவில்லை என்றார்கள். தம்பி, நீங்கள் அம்மாவை அழைத்துக்கொண்டு போய்வாருங்கள். உங்கள் வீட்டுத் தண்ணீர்க் குழாய் உறையாமல் இருக்கச் சமையலறைக் குழாயை நூலளவு திறந்து விட்டுப் போங்கள். சாவியை என்னிடம் கொடுத்தால் இரவில் ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்துக்கொள்கிறேன்.

கேள்வி கேட்டவர்

இன்று மதியம் ஒரு மணிக்குப் புறப்படுகிறோம். சிலிண்டர் நிறுவனம் காலையில் கூடுதலாக இரண்டு அனுப்பிவைத்தது. அளவுமானியைப் பார்த்தபோது மூலையில் இருந்த பழைய சிலிண்டரில் பாதிக்கும் குறைவாகவே இருந்தது. அம்மாவின் கட்டிலில் இருக்கும் தலையணையையும் போர்வையையும் அப்படியே எடுத்துக்கொள்கிறோம். ஐயா, பன்னிரண்டரைக்குச் சாவியோடு உங்கள் வீட்டுக்கு வருகிறேன். அடித்தளத்தில் இருக்கும் பிரதான தண்ணீர் வால்வையும் அப்போதே காட்டிவிடுகிறேன். உறைமழை தொடங்கிய நேரத்தையும் மின்சாரம் இருக்கிறதா என்பதையும் இங்கே யாராவது எழுதினால், எப்போது திரும்பி வரலாம் என்று முடிவு செய்ய உதவியாக இருக்கும்.